பாதிச் சம்பளம் காகிதத்தில்

களியக்காவிளைச் சோதனைச் சாவடிக்கு மேற்கே பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம். கிழக்கே குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இரு பக்கமும் ஒரே மாநிலமாக இருந்தது. இன்றும் இரு பக்கத்து வார்டுகளிலும் அதே காய்ச்சல், அதே சர்க்கரை நோய், அதே நைட் டூட்டி. சம்பளம் மட்டும் வேறு. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் மாதம் 20,000 ரூபாய் என்று 2018 ஏப்ரல் 23 அன்று கேரள அரசு ஆணையிட்டது. சாவடிக்குக் கிழக்கே, தமிழ்நாட்டில், அதற்கு ஈடான ஆணை எதுவும் வரவில்லை.

கேரளத்தில் அந்தத் தொகை எல்லாச் செவிலியர் கைக்கும் முழுதாக வந்து சேர்ந்ததா என்று கேட்டால் அங்குள்ள சங்கங்களுக்கே நிறையப் புகார் உண்டு. ஆனாலும் கேட்டு வாங்க ஒரு எண் இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம் வட்டாரத்துப் பெண்கள் விடிகாலைப் பேருந்தில் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போய்வருவதற்கு அந்த எண்ணும் ஒரு காரணம். கன்னியாகுமரி மாவட்டச் செவிலியரின் புலம்பெயர்வு துபாயிலோ லண்டனிலோ தொடங்குவதில்லை. சொந்த ஊர் பேருந்து நிறுத்தத்திலேயே அது தொடங்கிவிடுகிறது.

இவர்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கு ஊரில் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: “அங்க நல்ல காசு.” அது உண்மைதான். ஆனால் இங்கே காசு ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வியை அந்தப் பதில் மூடி மறைத்துவிடுகிறது. வெளிநாட்டில் வாய்ப்பு இருப்பதே உள்ளூரில் சம்பளத்தைக் குறைத்து வைக்கும் கருவியாக மாறியிருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு, ஜி.என்.எம். டிப்ளமோ மூன்று ஆண்டு. தனியார் கல்லூரியில் கல்விக் கட்டணம், விடுதி, சீருடை, மருத்துவமனைப் பயிற்சிக்கான போக்குவரத்து என்று சேர்ந்தால் சாதாரணக் குடும்பத்தின் கைக்குள் அடங்காது. ரப்பர் பால் வெட்டுபவரும், கொத்தனாரும், கடல் தொழிலுக்குப் போகிறவரும் மகளைப் படிக்கவைக்க வங்கிக்குத்தான் போகிறார்கள். 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும் என்று இருந்தது. அந்த 4 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 5,500 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறிய வட்டி இதில் சேரவில்லை. சிறு நகரத்துத் தனியார் மருத்துவமனையில் புதிதாகச் சேரும் ஸ்டாஃப் நர்ஸுக்கு மாதம் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்பது யாரும் வியக்கும் தொகை அல்ல. அதில் பாதி கடனுக்குப் போனால் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் போக வீட்டுக்குக் கொடுக்க என்ன மிஞ்சும்?

இந்தச் சம்பளத்துக்கு ஏன் ஒப்புக்கொள்கிறார்கள்? வளைகுடா நாடுகளில் செவிலியர் உரிமம் பெறவும் அங்குள்ள மருத்துவமனைகளில் வேலைக்கு எடுக்கப்படவும் பொதுவாக ஓராண்டோ இரண்டாண்டோ பணி அனுபவம் கேட்கிறார்கள். படித்து முடித்த கையோடு விமானம் ஏற முடியாது. அந்த அனுபவத்தை இங்கேதான் எங்காவது தேடிக்கொள்ள வேண்டும். மருத்துவமனை நிர்வாகத்துக்கு இது நன்றாகவே தெரியும். “இங்க ரெண்டு வருஷம் இருந்தா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் கிடைக்கும், அப்புறம் நீ போயிருவ” என்பதுதான் பேரத்தின் முதல் வாக்கியம். ஆக, நிர்வாகம் கொடுக்கும் ஊதியத்தில் ஒரு பாதி பணம். மறுபாதி அந்தக் காகிதம். காகிதத்துக்கு மருத்துவமனைக்கு எந்தச் செலவும் இல்லை. செவிலியருக்கோ அது இல்லாமல் எதிர்காலமே இல்லை.

காகிதத்தைத் தர மறுத்தும் மிரட்டலாம். ‘பாண்ட்’ என்ற ஏற்பாடு அப்படித்தான் வேர்விட்டது. வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களை மருத்துவமனை வாங்கி வைத்துக்கொள்ளும். ஒப்புக்கொண்ட காலத்துக்கு முன் விலகினால் ஒரு தொகையைக் கட்டித்தான் மீட்க வேண்டும். 2011 அக்டோபரில் மும்பை மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய கேரளத்து இளம் செவிலியர் ஒருவர் இந்த நெருக்கடியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் நாடெங்கும் செவிலியர் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு திருச்சூரில் யுனைட்டெட் நர்சஸ் அசோசியேஷன் உருவானது. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது.

அந்த வழக்கில் 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசை ஒரு நிபுணர் குழு அமைக்கச் சொன்னது. குழுவின் பரிந்துரை தெளிவாக இருந்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அந்த மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 100 படுக்கைக்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 படுக்கைக்கும் குறைவான சிறு மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் இதை நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. 2017இல் பெரிய வேலைநிறுத்தம் நடத்தித்தான் கேரளச் செவிலியர் அதை அரசாணையாக்கினார்கள். களியக்காவிளைக்குக் கிழக்கே அது பரிந்துரையாகவே நிற்கிறது.

குமரி மாவட்டம் செவிலியரின் மண்ணானது ஏன் என்பதைத் தெரிந்துகொள்ள ஏறத்தாழ இருநூறு ஆண்டு பின்னே போக வேண்டும்.

லண்டன் மிஷனரி சொசைட்டியின் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1860களில் அங்கு வந்த ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பு நடத்தினார். 1890களில் ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இரட்சணிய சேனை இளைஞர் நாகர்கோவிலில் சிறிய மருந்தகம் ஒன்றை ஆரம்பித்தார். அதுவே கேத்தரின் பூத் மருத்துவமனையாக வளர்ந்தது. முதல் உலகப் போரைத் தொடர்ந்து 1919இல் வசீரிஸ்தானில் காயம்பட்டவர்களைக் காப்பாற்றும்போது உயிரிழந்த ஆண்ட்ரூஸுக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. 1922இல் எவரெஸ்ட் ஏற முயன்ற பிரிட்டிஷ் குழுவில் இருந்த ஹோவர்டு சோமர்வெல், திரும்பும் வழியில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது நெய்யூர் வந்தார். அங்கே குவிந்திருந்த நோயாளிகளைக் கண்டார். லண்டனில் காத்திருந்த அறுவை மருத்துவர் வாழ்வை விட்டுவிட்டு இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார்.

மருத்துவர்களின் பெயர்கள் வரலாற்றில் நிற்கின்றன. அவர்களுக்குக் கருவி எடுத்துக் கொடுத்த, புண் கழுவிய, இரவெல்லாம் விழித்திருந்த உள்ளூர்ப் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் நிற்கவில்லை. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது முக்கியம். தோள்சீலை அணியும் உரிமைக்காக இதே கல்குளம், விளவங்கோடு மண்ணில் பெண்கள் அடிபட்டார்கள். 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது. மார்பை மறைக்கக்கூட அனுமதி மறுக்கப்பட்ட குடும்பங்களின் அடுத்தடுத்த தலைமுறைப் பெண்களுக்கு மிஷன் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் ஒரு வெள்ளைச் சீருடையை, ஒரு மாதச் சம்பளத்தை, சாதிப் பெயரில்லாத ஒரு விளிப்பைக் கொடுத்தன. மலமும் சீழும் தொடும் வேலை, அந்நிய ஆண்களின் உடலைத் தொடும் வேலை, இரவில் வீட்டுக்கு வெளியே தங்கும் வேலை என்று மற்ற சாதிகள் முகம் சுளித்து விலகிய தொழில் இது. விலக்கப்பட்டவர்கள் அதை எடுத்துக்கொண்டு தலை நிமிர்ந்தார்கள்.

அந்தப் பெருமைக்கு ஒரு விலையும் இருந்தது. ‘சேவை’ என்ற பெயரில் தொடங்கிய தொழிலுக்குக் கூலி கேட்பது அழகல்ல என்ற எண்ணம் நிர்வாகங்களின் மனத்தில் ஊறிவிட்டது. மிஷன் காலம் முடிந்து மருத்துவம் வணிகமான பிறகும், நோயாளியின் பில்லில் எல்லாக் கட்டணமும் ஏறிய பிறகும், செவிலியரிடம் மட்டும் தியாகம் எதிர்பார்க்கப்படுகிறது.

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரியின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். பெண்கள் படித்த மாவட்டம். பெரிய தொழிற்சாலைகள் இல்லாத மாவட்டமும்கூட. 18.7 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் இந்தச் சிறு நிலத்தில் படித்த பெண்ணுக்கு ஆசிரியர் வேலை, செவிலியர் வேலை ஆகிய இரண்டைத் தவிர வேறு கதவு அதிகம் இல்லை. அந்தத் தேவையைக் கண்டுதான் மாவட்டமெங்கும் நர்சிங் கல்லூரிகள் முளைத்தன. ஆண்டுதோறும் அவற்றிலிருந்து வெளிவரும் அத்தனை பேருக்கும் மாவட்டத்தில் நல்ல சம்பளத்தில் வேலை கிடையாது. அவர்களைச் சேர்க்கும்போது கல்லூரிகள் காட்டும் கனவும் வெளிநாடுதான்.

அரசு வேலைக்குப் போகலாமே என்பவர்கள் 2015க்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு வைத்து, இட ஒதுக்கீட்டு விதிகளைப் பின்பற்றி, ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர் பணியிடங்களுக்கு ஆள் எடுத்தது. சம்பளம் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டு முடிந்தால் நிரந்தரம் என்று நம்பித்தான் சேர்ந்தார்கள். இரண்டு ஆண்டு முடிந்தும் பெரும்பாலோருக்கு அது நடக்காதபோது, 2017 நவம்பர் இறுதியில் சென்னை தேனாம்பேட்டை மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். கழிப்பறை வசதிகூடச் சரியாக இல்லாத அந்த மூன்று நாட்களும் செய்திகளில் இடம்பிடித்தன. உயர் நீதிமன்றம் அவர்களைப் பணிக்குத் திரும்பச் சொன்னது. பின்னர் தொகுப்பூதியம் 14,000 ஆகவும் அதன்பின் 18,000 ஆகவும் உயர்ந்தது. அதே காலத்தில் மத்திய அரசின் எய்ம்ஸ் மருத்துவமனையில் சேரும் செவிலியரின் அடிப்படை ஊதியம் மட்டுமே 44,900. தடுப்பூசி போடுவதிலும் பிரசவம் பார்ப்பதிலும் இரு இடத்துக்கும் என்ன வேறுபாடு என்று அந்த வளாகத்தில் அமர்ந்திருந்தவர்கள் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் இன்றுவரை வரவில்லை.

கொரோனா வந்தது. 2020இல் அவசரத்துக்கு ஒப்பந்தத்தில் செவிலியர் எடுக்கப்பட்டார்கள். முழுக் கவச உடைக்குள் வியர்த்து நின்றவர்களுக்காக நாடே கைதட்டியது. 2022 டிசம்பர் 31 அன்று அவர்களில் ஏறத்தாழ 2,400 பேரின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. மறுநாள் புத்தாண்டு.

தனியாரிலும் அரசிலும் இப்படிக் கதவு மூடும்போது ஏஜென்சியின் கதவு திறந்திருக்கிறது. இந்தியச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. இப்போது அது 30,000 ரூபாயும் வரியும். நடப்பது வேறு. 2015இல் கொச்சியைச் சேர்ந்த ஆள்சேர்ப்பு நிறுவனம் ஒன்றின்மீது சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. குவைத் சுகாதார அமைச்சக வேலைக்கு ஒருவரிடம் 19,500 ரூபாய் மட்டுமே வாங்க அனுமதி இருக்க, 19.5 லட்சம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. அதாவது நூறு மடங்கு. புலம்பெயர்வோரைக் காக்க வேண்டிய அரசு அலுவலர் ஒருவர்மீதும் அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டது.

அதே ஆண்டு மத்திய அரசு ஒரு நல்ல முடிவை எடுத்தது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியர் போவதென்றால் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்றது. கேரளத்தின் நோர்க்கா ரூட்ஸ், ஒடெபெக். தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். இந்தத் தமிழ்நாட்டு நிறுவனம் 1978இல் தொடங்கப்பட்டது. இத்தனை ஆண்டு ஆகியும் நாகர்கோவிலில் நர்சிங் முடித்த பெண்ணின் காதில் முதலில் விழும் பெயர் அதுவல்ல. மார்த்தாண்டம் பேருந்து நிலையத்துக்கு அருகே மாடியில் இருக்கும் ஏதோ ஒரு ‘கன்சல்டன்சி’தான். அரசின் வழியில் காலம் பிடிக்கும், இடங்கள் குறைவு என்ற எண்ணத்தைப் போக்க அரசு போதிய அளவு முயலவில்லை.

கடன் வாங்கிப் போகிறவருக்குத் திரும்பி வரும் சுதந்திரம் இல்லை. 2014 ஜூனில் ஈராக்கின் திக்ரித் நகரம் ஐ.எஸ். அமைப்பின் கைக்குப் போனபோது அங்குள்ள மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர் சிக்கினார்கள். பெரும்பாலோர் கேரளத்தவர்; தூத்துக்குடியைச் சேர்ந்த ஒருவரும் அவர்களில் இருந்தார். சுற்றிலும் குண்டு வெடித்துக்கொண்டிருந்த நாட்களில் அவர்களில் பலர் தொலைபேசியில் சொன்ன கவலை, வாங்கிய கடனைப் பற்றியும் வந்து சேராத சம்பளத்தைப் பற்றியும்தான். வெறுங்கையோடு ஊருக்குப் போய் என்ன செய்வது என்று தயங்கினார்கள். மோசூலுக்குக் கொண்டுபோகப்பட்டு, பின் விடுவிக்கப்பட்டு, ஜூலை 5 அன்று கொச்சியில் இறங்கினார்கள். பின்னாளில் அதைத் திரைப்படங்களாகவும் எடுத்தார்கள். போர் நடக்கும் நாட்டில்கூட வேலையை விட முடியாத அளவுக்கு ஒரு செவிலியரின் கழுத்தைப் பிடித்திருந்தது துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டுமல்ல.

ஊரிலேயே இருந்தவர்களின் நிலை என்ன? கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நிபா நோயாளிக்குப் பணிவிடை செய்த லினி, 2018 மே மாதம் அதே நோயால் இறந்தார். அவர் நிரந்தரப் பணியாளர் அல்ல. கணவர் பஹ்ரைனில் வேலை பார்த்தவர். சாவதற்கு முன் கணவருக்கு எழுதிய சிறு குறிப்பில் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்ன லினி, அவர்களை வளைகுடாவுக்கு அழைத்துப் போகும்படியும் கேட்டிருந்தார். அந்தக் குறிப்பைத் தியாகத்தின் சின்னமாக மட்டும் படித்தவர்கள் அந்த வேண்டுகோளைக் கவனிக்கவில்லை. தன் மண்ணுக்காக உயிரைக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு செவிலியருக்கு, தன் பிள்ளைகளின் வாழ்வு கடலுக்கு அப்பால்தான் என்று பட்டிருக்கிறது.

கடலுக்கு அப்பால் இருப்பதும் நிலையான கரையல்ல. 1960களில் மேற்கு ஜெர்மனிக்கு ஆள் பற்றாக்குறை வந்தபோது கத்தோலிக்கத் திருச்சபையின் வழியாகக் கேரளத்து இளம்பெண்கள் செவிலியர் பணிக்கு அழைக்கப்பட்டார்கள். 1970களின் பிற்பகுதியில் தேவை தீர்ந்தது என்றதும் பலருக்கு வேலை அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. பிரிட்டன் 2000களின் தொடக்கத்தில் கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுத்தது; 2006இல் பொதுச் செவிலியரைப் பற்றாக்குறைப் பட்டியலிலிருந்து நீக்கியது; 2015இல் மீண்டும் சேர்த்தது; 2025இல் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான காத்திருப்பை நீட்டப்போவதாக அறிவித்தது. இன்று ஜெர்மனி மறுபடி அழைக்கிறது. குமரி மாவட்டத்தில் ஜெர்மன் மொழி வகுப்புக்கு விளம்பரத் தட்டிகள் தொங்குகின்றன. பி2 நிலை வரை மொழியைக் கற்று, தேர்வெழுதி, தகுதியை அங்கு அங்கீகரிக்கவைத்து முழுச் செவிலியராவதற்குள் இரண்டு மூன்று ஆண்டு ஓடிவிடும். அதுவரை பலருக்கு உதவியாளர் நிலை வேலைதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கைப்படி உலகில் 2.98 கோடி செவிலியர் இருக்கிறார்கள். இன்னும் 58 லட்சம் பேர் தேவை. ஏழு செவிலியரில் ஒருவர் வேறு நாட்டில் பிறந்தவர். இந்தியப் பதிவேடுகளில் 33 லட்சத்துக்கும் மேற்பட்ட செவிலியர் பணியாளர் பெயர்கள் உள்ளன. ஆனால் அதில் சவுதியில் இருப்பவர், திருமணத்துக்குப் பின் தொழிலை விட்டவர், காலமானவர் பெயர்களும் சேர்ந்தே கிடக்கும். அதைச் சரிசெய்யத்தான் தனி அடையாள எண்ணுடன் புதிய பதிவு முறையை இந்திய செவிலியர் கவுன்சில் கொண்டுவந்தது. தாளில் இருக்கும் செவிலியரை நம்பித் திட்டம் போட்டால் வார்டில் ஆள் இருக்காது.

செவிலியர் இப்படிப் போய்க்கொண்டே இருப்பதால் வரும் இழப்பு யாருடையது? சாதாரண வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆள் மாறும் மருத்துவமனையில் இந்த அளவை எட்டினாலும் நிற்பவர்கள் எல்லாரும் புதியவர்கள். வென்டிலேட்டரின் ஓசை மாறுவதை வைத்தே ஆபத்தை உணரக் கற்றுக்கொண்ட நாளில் அந்தச் செவிலியர் ராஜினாமா கடிதம் கொடுக்கிறார். வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பும் பணத்தில் தனியாக வாழும் குமரி மாவட்டத்து முதியவர் மாரடைப்பு வந்து மருத்துவமனைக்குப் போகும்போது, அவரைக் கவனிப்பவருக்கு அது அனுபவக் காலத்தின் முதல் மாதமாக இருக்கலாம்.

போகாதே என்று தடுப்பது தீர்வல்ல. பிலிப்பைன்ஸ் 2020 இறுதியில் ஆண்டுக்கு 5,000 சுகாதாரப் பணியாளர்தான் போகலாம் என்று வரம்பு வைத்தது, செவிலியர்கள் கொதித்தார்கள், 2021இல் அதை 6,500 ஆக்கியது. அதே நாட்டில் அரசுச் செவிலியரின் ஊதியத்தை உயர்த்த 2002இல் இயற்றிய சட்டம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும் வரை, 2019 வரை, தாளில் கிடந்தது. பூட்டுப் போட அரசுகளுக்கு ஒரு மாதம் போதும். சம்பளம் கொடுக்கப் பதினேழு ஆண்டு ஆகிறது.

தமிழ்நாட்டில் செய்ய வேண்டியதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. தனியார் மருத்துவமனைகள் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவு காலாகாலத்தில் புதுப்பிக்கப்பட வேண்டும். தீயணைப்புச் சான்றும் கழிவு அகற்றும் ஒப்பந்தமும் பார்க்கும் அதிகாரி, செவிலியர் எத்தனை பேர், அவர்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் எவ்வளவு போகிறது, யாருடைய அசல் சான்றிதழாவது அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதா என்பதையும் பார்க்கலாம். குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரத்தைக் கொண்டு 2016 குழுவின் நான்கு படிநிலைகளையும் அறிவிக்கலாம். அனுபவச் சான்றிதழ் மருத்துவமனையின் கருணையாக இல்லாமல், பணி முடிந்த நாளில் தானாகக் கிடைக்கும் உரிமையாகட்டும். செவிலியர் கவுன்சிலே அதைப் பதிவேட்டிலிருந்து வழங்கட்டும். அப்படி நடந்தால் காகிதத்தைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கும் பேரம் முறியும். போக விரும்புகிறவர் அப்போதும் போவார். கடன்காரராக அல்லாமல் தகுதியுள்ள தொழிலாளியாகப் போவார். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டு குழித்துறையிலேயே இருந்துவிட நினைக்கும் பெண்ணுக்கு, அந்த 20,000 ரூபாய்க்காகக் களியக்காவிளையைத் தாண்ட வேண்டியிருக்காது.